பட்டாளத்து மனசும் அன்றாட வேலையும்: நெல்லைச் சீமைக் குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

திருநெல்வேலி, தென்காசிப் பக்கம் தெருவுக்கு ஒரு பட்டாளத்து வீடாவது இருக்கும். ராணுவம், துணை ராணுவம், விஜயநாராயணத்தில் கடற்படை, மணிமுத்தாறில் சிறப்புக் காவல் படை என்று ஆள் போகாத பிரிவு இல்லை. லீவில் வந்தவர், ஓய்வு பெற்று வந்தவர், அவர்களுடைய வீட்டுக்காரர்கள் எல்லாரும் கேட்கிற கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறோம். மருந்துச் சீட்டு எழுதித் தருகிற பக்கம் இது இல்லை. ஆக்குபேஷனல் தெரபி என்கிற தொழில்வழிச் சிகிச்சை படைவீரரின் மனசுக்கு என்ன செய்யும், எப்படிச் செய்யும் என்பதுதான் விஷயம்.

ஆக்குபேஷனல் தெரபி என்றால் வேலை வாங்கித் தருவதா? பிசியோதெரபி மாதிரியா?

ரெண்டும் இல்லை. இங்கே 'ஆக்குபேஷன்' என்பது சம்பள வேலையை மட்டும் குறிக்காது. காலையில் பல் தேய்ப்பது, பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடுவது, வயலுக்குத் தண்ணி பாய்ச்சுவது, சாயங்காலம் டீக்கடையில் உட்காருவது என ஒரு நாளை நிரப்புகிற எல்லாமே அதில் அடக்கம். முழங்காலில் அடிபட்டவருக்கு, கால் எத்தனை பாகை மடங்குகிறது என்று பிசியோதெரபிஸ்ட் பார்ப்பார். அந்தக் காலை வைத்துக்கொண்டு தாமிரபரணிப் படித்துறையில் இறங்கிக் குளிக்க முடிகிறதா, பந்தியில் சம்மணம் போட்டுச் சாப்பிட முடிகிறதா என்று ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் பார்ப்பார். மனசு விஷயத்திலும் அதே கேள்விதான். 'உங்களுக்கு என்ன நோய்' என்று ஆரம்பிக்க மாட்டார். 'எதெல்லாம் செய்துகொண்டிருந்தீர்கள், இப்போது எது நின்றுபோனது' என்று ஆரம்பிப்பார்.

இந்தத் துறை வளர்ந்ததே போர்க்காலத்தில்தான். முதல் உலகப் போரில் மனம் உடைந்த அதிகாரிகளுக்காக ஸ்காட்லாந்தில் எடின்பரோ அருகே கிரெய்க்லாக்கார்ட் என்ற ராணுவ மருத்துவமனை நடந்தது. அங்கே ஆர்தர் பிராக் என்ற மருத்துவர் நோயாளிகளைப் படுக்க வைக்காமல் தோட்ட வேலை, பத்திரிகை வேலை, ஊர் ஆய்வு என்று இறக்கிவிட்டார். 1917 மார்ச்சில் அமெரிக்காவில் இதற்கென்று முதல் சங்கம் தொடங்கியது. இந்தியாவில் 1950-இல் பம்பாய் கே.இ.எம். மருத்துவமனையில் கமலா நிம்ப்கர் முதல் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார்.

மீள்திறன், மீள்திறன் என்கிறார்களே, பயமே இல்லாமல் இருப்பதா?

பயம் இல்லாதவனைக் காவலுக்கு நிறுத்தக்கூடாது என்பது பட்டாளத்துக்கே தெரியும். அடி விழுந்த பிறகு தூக்கம், பசி, பேச்சு, வேலை எல்லாம் எவ்வளவு சீக்கிரம் தன் தடத்துக்குத் திரும்புகின்றன என்பதைத்தான் மீள்திறன் என்கிறோம். அதைப் பேசிப் பேசி ஏற்ற முடியாது. வகுப்பறையில் உட்கார வைத்து நடத்தும் மனவலிமைப் பயிற்சிகளால் கிடைக்கிற பலன் சுமார்தான். செய்து பார்த்து, சரியாக வந்து, மறுநாளும் செய்கிறபோதுதான் 'என்னால் ஆகும்' என்ற நம்பிக்கை ஊறுகிறது. அதனால் இந்தச் சிகிச்சையில் மனசைவிட அன்றாடத்தைத்தான் அதிகமாகத் தொடுவார்கள்.

முதல் தடவை போனால் என்ன செய்வார்கள்?

ஊசி, ஸ்கேன் எதுவும் இருக்காது. முதலில் ஏழு நாள் குறிப்பு எழுதச் சொல்வார்கள். அரைமணிக்கு ஒரு கட்டம். என்ன செய்தீர்கள், யாரோடு, அது முடிந்தபோது மனசு எப்படி இருந்தது என்பதற்கு 0 முதல் 10 வரை ஒரு எண். நாலாம் நாளிலேயே ஒரு வடிவம் தெரிந்துவிடும். காலை 10 மணி முதல் மாலை 5 வரை போனைத் தவிர ஒன்றும் இல்லை என்றோ, ஞாயிற்றுக்கிழமை மாமனார் வீட்டுக்குப் போன அன்று மட்டும் எண் 2-க்கு இறங்கியது என்றோ கண்ணில் படும்.

அடுத்து, சிகிச்சைக்கு வந்தவருக்கு முக்கியமாகப் படுகிற செயல்களில் ஐந்துக்கு மிகாமல் பொறுக்கி, ஒவ்வொன்றுக்கும் இரண்டு மதிப்பெண் போடச் சொல்வார்கள்: இப்போது எவ்வளவு நன்றாகச் செய்கிறேன், அதில் எனக்கு எவ்வளவு திருப்தி. இரண்டுமே 1 முதல் 10 வரை. கனடாவில் உருவான இந்த அளவுகோலை உலகம் முழுக்கப் பயன்படுத்துகிறார்கள். சில வாரம் கழித்து மறுபடி கேட்கும்போது 2 புள்ளி ஏறியிருந்தால் உருப்படியான முன்னேற்றம் என்று எடுத்துக்கொள்ளலாம்.

இங்கே அடிக்கடி நடக்கிற தப்பு, கூட வந்த அப்பாவோ வீட்டுக்காரியோ பதில் சொல்வது. 'குடியை நிறுத்தணும், அதான் முக்கியம்' என்று அவர்கள் சொல்வார்கள். அவரோ 'தம்பி மகனைப் பைக்கில் ஏத்திக்கிட்டு ஆத்துக்குப் போகணும்' என்பார். அவர் சொன்னதைத்தான் எழுத வேண்டும். ஆற்றுக்குக் கூட்டிப்போக ஆசைப்படுகிறவர் வண்டி ஓட்டத் தெளிவாக இருந்தாக வேண்டும் அல்லவா? குடிக்கான பேச்சு அந்த வழியாகவே வந்து சேரும்.

லீவில் வந்து பத்து நாளாகிவிட்டது, ராத்திரி தூங்கவே மாட்டேன் என்கிறார். எங்கே தொடங்குவது?

எழுந்திருக்கிற நேரத்தில் தொடங்குங்கள். படுக்கிற நேரத்தை யாரும் கட்டளையிட முடியாது, எழும் நேரத்தை முடியும். ஐந்தரை என்றால் ஞாயிறு, கல்யாணம், எது வந்தாலும் ஐந்தரை. எழுந்த உடனே வெளிச்சத்தில் அரைமணி நடை. பகல் தூக்கம் மூன்று மணிக்கு முன்னால், அரைமணிக்கு மேல் போகாமல். நாலு மணி டீயை இரண்டு மணிக்குத் தள்ளுங்கள். டீ, காபியின் வேகம் உடம்பில் அடங்க ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

படுத்து இருபது நிமிஷம் போல ஆகியும் கண் அயரவில்லை என்றால் எழுந்து வேறு இடத்தில் உட்கார வேண்டும். மங்கலான வெளிச்சத்தில், சலிப்பான ஒரு கைவேலை. பழைய துணி மடிக்கலாம், கொட்டைப்பாக்கு வெட்டலாம். போன் கூடாது. கொட்டாவி வந்ததும் திரும்பப் படுக்கலாம். பாயில் புரண்டுகொண்டே கிடந்தால், பாய் என்றாலே புரளுகிற இடம் என்று உடம்பு படித்துவிடும்.

எல்லையில் காவல் நின்றவர்களுக்கு இன்னொரு தொல்லை உண்டு. ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து வாசல் கதவு, கொல்லைக் கதவு, மாடிக்கதவு என்று சுற்றிச்சுற்றிப் பார்ப்பார்கள். 'பைத்தியமா உமக்கு' என்று கேட்டால் பிரச்சினை முற்றும். அந்தச் சுற்றைத் தடுக்க வேண்டாம், முறைப்படுத்துங்கள். படுக்கும் முன் ஒரே ஒரு ரோந்து. வாசல், கொல்லை, கேஸ், மோட்டார் ஸ்விட்ச் என நாலு இடம். ஒரு அட்டையில் அவரே டிக் அடித்து, அட்டையைத் தலைமாட்டில் வைக்கட்டும். நடுராத்திரி மனசு அரித்தால் எழுந்து போகாமல் அட்டையைப் பார்க்கலாம். முதல் வாரம் எழுந்து ஒரு சுற்று கூடுதலாகப் போனால் போகட்டும், இரண்டாம் வாரம் அதை நிறுத்தலாம்.

கெட்ட கனவில் கத்துகிறவரைத் தொட்டு எழுப்பாதீர்கள். பாதித் தூக்கத்தில் கை ஓங்கிவிடுவார், அப்புறம் அந்தக் குற்ற உணர்ச்சியால் தனியாகப் படுக்கப் போய்விடுவார். கால்மாட்டில், கைக்கு எட்டாத தூரத்தில் நின்று, விளக்கைப் போட்டுக் கூப்பிட வேண்டும். நம்ம பக்கத்துப் பெண்கள் பலர் புருஷன் பேரைச் சொல்ல மாட்டார்கள். பிள்ளை பேரோடு சேர்த்து 'ஏ, கண்ணனப்பா' என்று கூப்பிட்டு, 'வீட்லதான் இருக்கீங்க, அம்பாசமுத்திரத்துல' என்று இடத்தைச் சொன்னால் போதும். கனவு வாரத்தில் பல இரவு வந்தால் அது மனநல மருத்துவர் பார்க்க வேண்டிய விஷயம். அதற்கென்று தனி முறைகள் இருக்கின்றன.

ஓலைப்பெட்டி முடைந்தால் மனசு சரியாகுமா? சின்னப்பிள்ளை வேலை மாதிரி இருக்கிறதே?

கேட்கிறவரின் சந்தேகம் நியாயமானது. பெட்டியில் மருந்து எதுவும் இல்லை. ஆனால் அந்த வேலைக்குள் என்னென்ன ஒளிந்திருக்கிறது என்று பிரித்துப் பார்த்தால் புரியும்.

காய்ந்த பனங்குருத்தோலையில் ஈர்க்கை உரித்து எடுத்து, ஒரு சென்டிமீட்டர் அகலக் கீற்றாக வகிர வேண்டும். இரண்டு கையும் சேர்ந்து இயங்க வேண்டும், ஒன்று இழுக்கும், மற்றது பிடிக்கும். கீற்றில் தண்ணீர் தெளித்து, ஈரத்துணியில் அரைமணி சுற்றி வைக்க வேண்டும். காய்ந்திருந்தால் மடக்கும்போது வெடிக்கும். ஊற ஊறப் போட்டால் அப்போதைக்கு நெருக்கமாக இருக்கும், காய்ந்ததும் சுருங்கிக் கண் கண்ணாக இடைவெளி விழும். இந்தப் பக்குவம் பார்ப்பதற்குக் காத்திருக்கத் தெரிய வேண்டும். பிறகு எட்டுக்கு எட்டு கீற்று, ஒன்று மேலே ஒன்று கீழே. தப்பு நடந்தால் இரண்டு வரிசை தள்ளியே கண்ணுக்குத் தெரியும், பிரித்துச் சரிசெய்யலாம், யாரும் சாக மாட்டார்கள். ஒரு தப்புக்கு உயிர் விலையாக இருந்த இடத்திலிருந்து வந்தவருக்கு இது சின்ன விஷயம் கிடையாது.

முதல் நாள் இருபது நிமிஷம், வெறும் சதுரத் தட்டு. இரண்டாம் வாரம் நாலு மூலையை மடக்கி நிமிர்த்துவது. பெரும்பாலானவர்கள் கோபப்படுவது இந்த இடத்தில்தான். அப்போது சிகிச்சையாளர் கையை நீட்டி முடித்துக் கொடுத்துவிட்டால் அன்றைய பாடம் போச்சு. 'அஞ்சு நிமிஷம் வச்சிட்டு, தண்ணி குடிச்சிட்டு வாங்க' என்று சொல்லி, திரும்பி வந்து அவரே முடிக்க வேண்டும். கோபம் ஏறியது, இறங்கியது, வேலை முடிந்தது என்ற மூன்றையும் அவர் உடம்பு ஒரே மணி நேரத்தில் பார்த்துவிடுகிறது. மூன்றாம் வாரம் சின்னக் கொட்டான் (ஓலைக்கூடை). நாலாவது வாரம் புதிதாக வந்த இன்னொருவருக்குச் சொல்லிக்கொடுப்பது. முன்னேற்றம் பெரும்பாலும் இந்தக் கடைசிப் படியில்தான் தெரியும்.

எல்லாருக்கும் ஓலை சரிவராது. 'பொம்பளைக வேலை' என்று முகம் சுளிப்பவருக்கு மோட்டார் பம்பைப் பிரித்துப் பூட்டுவது, வாழைக்குப் பக்கக்கன்று எடுப்பது, லங்கர் என்கிற பட்டாளத்துச் சமையல்கூடத்தில் சமைத்தவராக இருந்தால் ஐம்பது பேருக்குச் சாம்பார் வைப்பது என்று ஏதாவது பொருந்தும். பத்தமடைக்காரர் கோரைப்பாய் கேட்கலாம். அவர் வாழ்க்கையில் அர்த்தம் உள்ளதா, படிப்படியாகக் கஷ்டத்தைக் கூட்ட முடியுமா என்ற இரண்டையும்தான் பார்ப்பது. சும்மா பொழுதுபோக்குக்காகப் பென்சிலும் வண்ணத்தாளும் கொடுத்து உட்கார வைப்பது அவமானப்படுத்துவதுதான், அப்படிச் செய்கிற இடங்களும் இருக்கின்றன.

ஊரில் கோயில் கொடைத் திருவிழா வருகிறது. வேட்டுச் சத்தம் கேட்டாலே உடம்பு நடுங்குகிறது. போகாமல் இருந்துவிடலாமா?

ஒரு வருஷம் போகாமல் இருக்கலாம். அடுத்த வருஷம் தீபாவளிக்கும் கதவைச் சாத்த வேண்டிவரும், அப்புறம் கல்யாண ஊர்வலம், அப்புறம் தேர்தல் வெற்றி. ஒதுங்க ஒதுங்க ஊர் சுருங்கும். ஆனால் 'போனால் எல்லாம் சரியாகும்' என்று நள்ளிரவுச் சாமக்கொடையில் மேளத்துக்கும் அதிர்வேட்டுக்கும் நடுவே இழுத்து நிறுத்துவது அதைவிட மோசம்.

ஆறு வாரம் முன்பே ஆரம்பியுங்கள். வரி பிரிக்கிற கமிட்டிக்காரரிடம் வேட்டு எத்தனை மணிக்கு, எந்தப் பக்கம் போடுகிறார்கள் என்று கேட்டு எழுதி வைக்க வேண்டும். எதிர்பார்த்த சத்தம் எதிர்பாராத சத்தம் அளவுக்கு உலுக்காது. போனில் வேட்டுச் சத்தத்தைப் பதிந்து, மெல்லிய ஒலியில் தினமும் பதினைந்து நிமிஷம் கேட்கலாம். பதற்றம் 0 முதல் 10-க்குள் எவ்வளவு என்று தொடக்கத்திலும் முடிவிலும் எழுதுங்கள். 6-இல் தொடங்கி 3-க்கு வந்த பிறகுதான் நிறுத்துவது. மூன்று நாள் தொடர்ந்து 3-க்குள் இருந்தால் ஒலியைக் கூட்டலாம். பிறகு வேறு ஊர்க் கொடைக்குப் போய் அரைக் கிலோமீட்டர் தள்ளி, வண்டியோடு நிற்கலாம். அதன்பின் இன்னும் பக்கத்தில். சொந்த ஊர்க் கொடையன்று வில்லுப்பாட்டு நேரத்தில் போய், முதல் வேட்டு வரை நின்று, பதற்றம் சற்று இறங்கியபின் வீடு திரும்பலாம்.

கெட்டுப்போகிற இடங்கள் மூன்று. பதற்றம் உச்சத்தில் இருக்கும்போது ஓடி வந்துவிட்டால், ஓடியதால்தான் பிழைத்தோம் என்று உடம்பு கணக்குப் போடும். இரண்டு பெக் போட்டுக்கொண்டு போனால் மூளை எதையும் கற்காது. மூன்றாவது, மச்சான் வகையறா. 'பட்டாளத்தான் பயப்படுறான் பாருலே' என்று காலடியில் ஓலைவெடியைக் கொளுத்திப் போட ஒருத்தன் இருப்பான். வீட்டுப் பெரியவர் ஒருவர் அவனிடம் முன்கூட்டியே பேசிவைக்க வேண்டும்.

காதில் வைக்கிற நுரை அடைப்பான் கொடை ராத்திரிக்குச் சரி. வீட்டுக்குள்ளும் நாள் முழுக்கப் போட்டுக்கொண்டிருந்தால் காது சின்னச் சத்தத்துக்கும் கூசத் தொடங்கும். நேரில் பார்த்த சாவு, குண்டுவெடிப்பு மனசுக்குள் திரும்பத் திரும்ப ஓடுகிறவர் இதைத் தனியாகச் செய்ய வேண்டாம், பயிற்சி பெற்ற ஒருவர் கூட இருக்க வேண்டும்.

மூச்சுப் பயிற்சி சொல்லிக் கொடுத்தார்கள், பலிக்கவில்லை.

பெரும்பாலும் இரண்டு காரணம். ஒன்று, பதற்றம் வந்த பிறகுதான் முதன்முதலாகச் செய்து பார்த்திருப்பார்கள். குறி பார்த்துச் சுடுவதை யாரும் சண்டையில் கற்றுக்கொள்வதில்லை. அமைதியான நேரத்தில் காலை, மாலை ஐந்து நிமிஷம் வீதம் இரண்டு வாரம் பழக வேண்டும். இரண்டு, இழுத்து இழுத்துப் பெரிதாக மூச்சு விடுவது. அப்படிச் செய்தால் ரத்தத்தில் கரியமிலவாயு குறைந்து தலை கிறுகிறுக்கும், விரல் மரமரக்கும், பயம் கூடும். மூக்கு வழியாக நாலு எண்ணும் வரை சாதாரணமாக இழுத்து, ஆறு எண்ணும் வரை மெதுவாக விட்டால் போதும். உட்கார்ந்து செய்யப் பிடிக்காதவர், தண்ணீர்க் குடம் தூக்குவது, மண்வெட்டி பிடிப்பது போன்ற கனத்த வேலையைப் பத்து நிமிஷம் செய்துவிட்டு மூச்சுக்கு வரலாம். தசைக்கும் மூட்டுக்கும் கிடைக்கிற அந்த அழுத்தம் பலருக்கு உடம்பை அடக்கிக் கொடுக்கிறது.

பணியில் இருக்கும்போதே, யூனிட்டிலேயே என்ன செய்ய முடியும்?

முதல் உலகப் போரில் கற்றுக்கொண்ட பாடம் இன்றும் செல்லுபடியாகிறது. மனம் தளர்ந்தவரை முடிந்தவரை யூனிட்டுக்கு அருகிலேயே, தாமதிக்காமல், எளிய முறையில், 'நீ திரும்பி வேலைக்கு வருவாய்' என்ற எதிர்பார்ப்போடு கவனிக்க வேண்டும். மூன்று நாள் வரை ஓய்வு, சூடான சாப்பாடு, குளியல், தூக்கம். கூடவே ஏதாவது ஒரு வேலை: ஸ்டோர் கணக்கு எடுப்பது, வண்டி துடைப்பது, சமையலுக்குக் கை கொடுப்பது. சும்மா படுக்க வைத்தால் 'நான் ஒன்றுக்கும் ஆகாதவன்' என்ற எண்ணம் கெட்டிப்படும். 'ஆஸ்பத்திரிக் கேஸ்' என்ற பெயர் ஒட்டிவிட்டால் அதை உரிப்பது கஷ்டம்.

நடந்ததை ஒரே உட்காரலில் எல்லார் முன்னாலும் சொல்லு என்று வற்புறுத்துவது கூடாது. அது பலன் தருவதில்லை, சிலருக்கு நிலைமையை மோசமாக்குகிறது. பேச வந்தால் கேளுங்கள், வராவிட்டால் பக்கத்தில் உட்கார்ந்து பூட்ஸுக்குப் பாலிஷ் போடுங்கள்.

சிகிச்சைக்குப் போனால் மெடிக்கல் கேட்டகிரி இறங்கிவிடுமா?

மறைக்காமல் சொல்வதென்றால், இறங்கலாம். ராணுவத்தில் உடல்தகுதியை 'ஷேப்' என்ற ஐந்து எழுத்தில் அளக்கிறார்கள், முதல் எழுத்து மனநிலைக்கு. மனநோய் என்று ராணுவ மருத்துவமனையில் பதிவானால் தற்காலிகமாகத் தரம் குறைத்து, குறிப்பிட்ட காலத்துக்குப் பிறகு மறுபரிசோதனை செய்வார்கள். பலர் பழைய தரத்துக்கே திரும்புகிறார்கள். தூக்க ஒழுங்கு, மூச்சு, நாள் அட்டவணை, கைவேலை போன்றவற்றுக்கு எந்தப் பதிவும் தேவையில்லை. சீக்கிரம் தொடங்கினால் பலருக்கு அந்த அளவிலேயே நின்றுவிடும். லீவில் வந்து ரகசியமாகத் தனியாரிடம் மாத்திரை வாங்கி, யூனிட்டுக்குத் தெரியாமல் விழுங்கிக்கொண்டு துப்பாக்கியோடு காவலுக்கு நிற்பதுதான் ஆபத்து. பேச மட்டும் ஆள் வேண்டும் என்றால் 14416 (டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண்) இருக்கிறது. 2023 டிசம்பரில் புனே ராணுவ மருத்துவக் கல்லூரியில் படையினருக்கென்றே ஒரு டெலி மானஸ் பிரிவும் தொடங்கினார்கள்.

கேன்டீன் சரக்கு. அதுதான் தூக்கமே தருகிறது என்கிறார்.

சீக்கிரம் கண் அயரும், ஒத்துக்கொள்வோம். பின்னிரவில் தூக்கத்தை உடைத்துப் போடுவதும் அதுதான். சிகிச்சையாளர் பார்ப்பது பாட்டிலைவிட, சாயங்காலம் ஆறு முதல் ஒன்பது வரையான வெற்று நேரத்தை. அந்த மூன்று மணி நேரத்தில் பையன்களுக்குக் கபடி, வாலிபால் சொல்லிக்கொடுப்பது மாதிரி, வேறு யாராவது அவருக்காகக் காத்திருக்கிற ஒரு வேலை வேண்டும். தனியாகச் செய்கிற வேலையைத் தள்ளிப்போடலாம். இருபது பையன் மைதானத்தில் நிற்கும்போது தள்ளிப்போட முடியாது.

எச்சரிக்கை: தினமும் அதிகம் குடிக்கிறவர் திடீரென்று நிறுத்தக்கூடாது. இரண்டு நாளுக்குள் கை நடுக்கம், வியர்வை, வலிப்புகூட வரலாம். ஆஸ்பத்திரியில் மருந்தோடு நிறுத்த வேண்டும்.

வீட்டையே பாரக்ஸ் மாதிரி நடத்துகிறார். பிள்ளைகள் பயந்து ஒதுங்குகிறார்கள்.

அவர் இல்லாத பத்து மாதத்தில் வீடு தானாக ஓடப் பழகிவிட்டது. ரேஷன், கரண்ட் பில், ஸ்கூல் பீஸ் எல்லாம் வீட்டுக்காரி கையில். வந்தவருக்கு இடமே இல்லை, அதனால் ஆர்டர் போட்டு இடம் பிடிக்கிறார். வந்த முதல் வாரமே ஒரு முழுப்பொறுப்பை அவரிடம் விட்டுவிடுங்கள்: காலையில் பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்புவது என்று வையுங்கள். எழுப்புவது முதல் வாசல் தாண்டுவது வரை அவர் பாடு, இடையில் திருத்தக்கூடாது. சட்னி டப்பாவை மறந்தால் மறந்ததுதான். லீவு முடிகிற முந்தின வாரத்தில் அந்தப் பொறுப்பை முறையாகத் திருப்பி வாங்குங்கள், ரயிலேறுகிற அன்றைக்கு அல்ல.

குறி கேட்டு, மந்திரித்துப் பார்க்கலாமா?

சாமி கும்பிடுவதும் வாழ்க்கையின் ஒரு பகுதிதான், அதை யாரும் தடுக்க மாட்டார்கள். குலதெய்வம் கோயிலுக்கு நடந்து போவதையே வாரத் திட்டத்தில் சேர்த்துக்கொள்ளலாம். கட்டி வைப்பது, அடிப்பது, பட்டினி போடுவது, மருந்தை நிறுத்தச் சொல்வது என்று வந்தால் அன்றே எழுந்து வந்துவிடுங்கள். மனநோயாளியைச் சங்கிலியால் கட்டுவதை 2017 மனநலச் சட்டம் தடைசெய்திருக்கிறது.

ஓய்வு பெற்றுவிட்டார். வயது முப்பத்தெட்டு. நாள் முழுக்க வாசலில் உட்கார்ந்திருக்கிறார்.

'நாயக்' என்ற பதவிப் பெயரும், காலை ரோல்காலும், பத்துப் பேர் கூட்டமும் ஒரே நாளில் போய்விட்டன. வேலை தேடுவதற்கு முன், முன்னாள் வேலையைச் சின்னச் சின்னத் துண்டாகப் பிரித்து எழுதச் சொல்லுங்கள். சிக்னல்ஸ் என்கிற தகவல்தொடர்புப் பிரிவில் இருந்தவர் 'ரேடியோ' என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடுவார். கிண்டிக் கேட்டால் பேட்டரி பராமரிப்பு, வயரிங், லாக் எழுதுவது, ஆறு பேருக்கு டூட்டி போடுவது என்று பதினைந்து திறமை வரும். எது உள்ளூரில் விலைபோகும் என்று அதிலிருந்து பார்க்கலாம். பென்ஷனோடு வங்கி, ஏ.டி.எம். செக்யூரிட்டி வேலைக்குப் போவது வழக்கம். தூக்கம் ஏற்கெனவே கெட்டிருந்தால் இரவு ஷிப்ட் மட்டும் வேண்டாம். நான்கு ஆண்டில் திரும்புகிற அக்னிவீர்களுக்கு இந்தக் கணக்கைக் கடைசி ஆண்டு லீவிலேயே தொடங்குவது நல்லது.

தலையில் அடிபட்டதிலிருந்து மறதி அதிகம்.

நினைவைப் பிடித்து உலுக்காமல் வெளியே ஏற்றி வையுங்கள். ஒரே நோட்டு, சட்டைப் பையில். சாவிக்கு ஒரே ஆணி. ஒரு நேரத்தில் ஒரு வேலை. பத்து மணி வெயிலுக்குள் வெளிவேலையை முடிப்பது, தலைவலிக்கும் எரிச்சலுக்கும் நல்லது. இரண்டு மூன்று நோட்டு வைத்தால் எந்த நோட்டில் எழுதினோம் என்பதே மறந்துவிடும்.

இது மட்டும் போதுமா? எத்தனை நாள் ஆகும்?

பயங்கர நிகழ்வுக்குப் பிறகு ஒரு மாதம் தாண்டியும் காட்சி திரும்ப ஓடுவது, ஒதுங்குவது, திடுக்கிடுவது தொடர்ந்தால் மனநல மருத்துவரையும் உளவியல் சிகிச்சையையும் சேர்த்தே நாட வேண்டும். ஆக்குபேஷனல் தெரபி அதற்குப் பதில் ஆகாது, கூட நடக்கும். வாரம் ஒரு முறை வீதம் எட்டு முதல் பன்னிரண்டு முறை என்பது நியாயமான எதிர்பார்ப்பு. இடையில் ஒரு சறுக்கல் வரலாம், அங்கேதான் பலர் நிறுத்திவிடுகிறார்கள்.

'செத்துப் போயிடலாம்' என்று சொல்கிறார். மிரட்டலா, நிஜமா?

நிஜம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். 'தற்கொலை எண்ணம் வருதா' என்று நேராகக் கேட்கலாம், கேட்பதால் எண்ணம் புதிதாக முளைக்காது. தனியே விடாதீர்கள். லைசென்ஸ் துப்பாக்கி இருந்தால் அன்றே காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற கடையிலோ ஒப்படைக்க ஏற்பாடு செய்யுங்கள். பூச்சிமருந்து, மாத்திரைகளைப் பக்கத்து வீட்டில் பூட்டி வையுங்கள். 14416-ஐ எந்த நேரமும் இலவசமாக அழைக்கலாம், தமிழில் பேசலாம். உயிருக்கு ஆபத்து என்றால் 108.

திருநெல்வேலியில் எங்கே போவது? என்ன கொண்டு போவது?

பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவு முதல் வாசல். பணியில் இருப்பவருக்கு அருகிலுள்ள ராணுவ மருத்துவமனை திருவனந்தபுரம் பாங்கோட்டில் இருக்கிறது. பென்ஷன்காரர் இ.சி.எச்.எஸ். என்கிற முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டத்தின் பாலிகிளினிக்கில் காட்டி ரெபரல் வாங்கினால்தான் பொதுவாக வெளி மருத்துவமனைச் செலவு கணக்கில் வரும். அவசரம் என்றால் நேரே சேர்த்துவிட்டுத் தகவல் கொடுக்கலாம். காகித வேலையில் சிக்கினால் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேளுங்கள். தனியாகத் தெரபிஸ்டைத் தேடுகிறவர்கள், ஆக்குபேஷனல் தெரபியில் பட்டம் பெற்றவரா, பெரியவர்களின் மனநலத்தில் வேலை செய்தவரா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். குழந்தைகளை மட்டும் பார்க்கிறவர்கள் நிறையப் பேர்.

போகும்போது டிஸ்சார்ஜ் புத்தகம், மெடிக்கல் போர்டு காகிதம், இப்போது சாப்பிடுகிற மாத்திரைகளின் அட்டை (பெயர் எழுதிய துண்டுச்சீட்டு போதாது), ஏழு நாள் குறிப்பு. குறிப்பு அரைகுறையாக இருந்தாலும் பரவாயில்லை, முந்தின ராத்திரி உட்கார்ந்து மொத்தமாக எழுதி நிரப்ப வேண்டாம். ஒரே பேனா மையில் ஏழு நாளும் ஒரே மாதிரி இருந்தால் பார்த்ததுமே தெரிந்துவிடும்.